திரையின் வலது மூலை

ஜூன் 9, 2025, திங்கள்

காலையில் அலுவலகப் படியேறும்போதே முதலாளி பிராங்கிளின் சாரின் குரல் கேட்டது. போனில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். பழனி ரோட்டில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் இஷாக் பாய். அவருடைய குளிர் அறை சனிக்கிழமை மதியமே நின்றுவிட்டது. உள்ளே இருந்த இன்சுலின் அத்தனையும் வீண்.

குளிர் அறைகளைக் கண்காணிக்கும் எங்கள் மென்பொருள் தன் வேலையைச் செய்திருக்கிறது. அறையில் சூடு ஏறியதும், திரையின் வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் படத்தைப் பச்சையிலிருந்து சிவப்பாக்கியிருக்கிறது. பாய் கடையில்தான் இருந்தார். கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அவர் கண்ணில் படவில்லை. போன வாரம் வாங்கிய புதுக் கம்ப்யூட்டர் அது. புது விண்டோஸ் இந்த மாதிரிப் படங்களை வெளியே விடுவதில்லை. ஒரு அம்புக்குறிக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிடுகிறது. அதை அமுக்கினால்தான் தெரியும். அமுக்க வேண்டும் என்று பாய்க்கு யார் சொன்னார்கள்? நாங்கள் சொல்லவில்லை.

"என் படம் எங்கய்யா போச்சு? அதைப் பார்த்துத்தான நான் இத்தனை வருஷமா யாவாரம் பண்றேன்" என்று கேட்டாராம்.

அந்தப் படத்தை எழுதியவன் நான். கல்யாணமான வருஷம் எழுதியது. அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை.

"மணி, அக்டோபரோட பழைய விண்டோஸுக்கு ஆதரவு நிக்குது. பால் சென்டர், பூ மார்க்கெட், எல்லாரும் புதுசுக்குத்தான் போவாங்க. அதுக்குள்ள இந்தப் படத்தைப் புது முறைக்கு மாத்திருங்க" என்றார் பிராங்கிளின். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

பழைய நிரலை முழுக்கப் படித்தேன். அசிங்கமாக இருக்கிறது. படம் பதினாறு புள்ளி அகலம். இன்றைய திரைகளில் கடுகு மாதிரித் தெரிகிறது. கறுப்புப் பின்னணியில் கறுப்பு ஓரம். மஞ்சள் நிறத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசமே இல்லை. நானா எழுதினேன்?

அந்தக் காலத்தில் எல்லா மென்பொருளும் அந்த மூலையில் ஒரு படத்தைக் குத்திவைக்கும். பிரிண்டருக்கு ஒன்று, ஆன்டிவைரஸுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நின்று, கடைசியில் எதையும் யாரும் பார்ப்பதில்லை. விண்டோஸ்காரன் அம்புக்குறிக்குப் பின்னால் தள்ளியதில் தப்பே இல்லை என்றுதான் படுகிறது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதப் போகிறேன். நாள் போனதே தெரியவில்லை. இப்படி ஒரு வேலை கிடைத்து ரொம்ப நாள் ஆயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

புதுப் படத்தை இன்று சோதித்தோம். டெஸ்டிங் பார்க்கும் ஷைனி அவள் கம்ப்யூட்டரிலிருந்து பொய்யான வெப்பநிலையை அனுப்புவாள். என் திரையில் படம் சிவப்பாக மாறும்போது நான் "ம்" என்று சொல்ல வேண்டும். இதுதான் ஏற்பாடு. நான் என் பாட்டுக்குத் திரையின் நடுவில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், கடைக்காரர்கள் பார்ப்பது போல.

ரொம்ப நேரம் கழித்து, "என்ன ஷைனி, இன்னும் அனுப்பலையா?" என்றேன்.

"அப்பவே அனுப்பிட்டேன் சார்."

மூலையைப் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது.

மறுபடி செய்தோம். அதேதான். நான் திரும்பிப் பார்க்கும்போது மட்டும் சிவப்பாக இருக்கிறது. மாறுகிற நேரத்தில் படத்தைத் திரும்ப வரையும் இடத்தில் ஏதோ தாமதம் இருக்க வேண்டும். நாளை பார்க்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

தாமதம் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று விதமாக மாற்றி எழுதிவிட்டேன். திரையை அப்படியே வீடியோவாகப் பதிவுசெய்தேன். வீடியோவில், வெப்பநிலை வந்து சேர்ந்த அடுத்த நொடியே படம் சிவப்பாகிறது. சிமிட்டவும் செய்கிறது. சரியாகத்தான் செய்கிறது.

அப்படியென்றால் நான் ஏன் பார்க்கவில்லை? தூக்கம் போதவில்லையோ.

ஜூன் 21, சனி

சமையலறை வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தை உதைத்துக் கவிழ்த்துவிட்டேன். இந்த மாதம் இரண்டாவது முறை. "குடம் என்ன குண்டூசியா? எங்கேங்க பார்த்துக்கிட்டு நடக்குறீங்க?" என்று நாகஜோதி கத்தினாள். குடிதண்ணீர் வந்து ஒரு வாரம் ஆகிறது. அவள் கத்தியதில் தப்பில்லை.

ஜூன் 23, திங்கள்

ஷைனி இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று நின்றாள்.

"சார், நான் ஒண்ணு சொன்னாத் தப்பா நினைக்கக் கூடாது. இன்னைக்கு ரொனால்டு, நான், பிராங்கிளின் சார் எல்லாரும் உக்காந்து பார்த்தோம். எங்க மூணு பேருக்கும் அது மாறுறது தெரியுது. நேராப் பார்க்காமலே தெரியுது. ஒருவாட்டி கண்ணு டாக்டரைப் பார்த்துட்டு வாங்களேன்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது? எல்லார் முன்னாலும், "நீ டெஸ்டிங் பண்ண வந்தியா, வைத்தியம் பார்க்க வந்தியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்கிறேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறேன் ஜோதிக்கு. என் கண்ணுக்கு என்ன?

ஜூன் 28, சனி

எழுத முடியவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் பூ மார்க்கெட் வழியாக வண்டியில் வந்துகொண்டிருந்தேன். வேகமெல்லாம் இல்லை. ரோடு காலியாக இருந்தது — காலியாக இருந்தது என்றுதான் இப்போதும் சொல்வேன். திடீரென்று இடது பக்கம் ஏதோ மோதியது. வண்டி சாய்ந்தது. எழுந்து பார்த்தால் ரோட்டில் சம்பங்கி கொட்டிக் கிடக்கிறது. ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கூட்டம் கூடிவிட்டது. எல்லாரும் என் பக்கம்தான் பேசினார்கள். சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டவன் அல்லவா. "ஏம்மா, பார்த்து கிராஸ் பண்ணக் கூடாதா? திடுதிப்புனு குறுக்க வந்தா அவர் என்ன செய்வாரு?"

"நான் எங்கய்யா கிராஸ் பண்ணேன்?" என்றார் அந்த அம்மா. அழவில்லை. ஆச்சரியப்பட்டது மாதிரி இருந்தது குரல். "நான் ஓரத்துலதான நின்னுக்கிட்டு இருந்தேன். அம்புட்டு நேரமா அங்கனதான் நிக்கிறேன். இந்தத் தம்பி நேராப் பார்த்துக்கிட்டே வந்து இடிச்சுச்சு."

அவர் பெயர் செபாஸ்தியம்மாள். மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் கொண்டுவிட்டேன்.

அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். நான் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

ஜூன் 29, ஞாயிறு

ஜோதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குடம், படம், சம்பங்கி. அவள் என் முகத்துக்கு நேராக நின்று, கையைப் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டினாள். "தெரியுதா?" "எது?" மெல்லக் கையை முன்னால் கொண்டுவந்துகொண்டே இருந்தாள். கிட்டத்தட்ட மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் தெரிந்தது. அவள் கையை இறக்கிவிட்டு அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஜூலை 2, புதன்

மதுரை. கண் ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளி. அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேறு எந்தப் பக்கமாவது வெளிச்சம் மின்னினால் கையில் உள்ள பொத்தானை அமுக்க வேண்டும். காத்திருந்தேன். ஒன்றுமே வரவில்லை. இயந்திரம் ரிப்பேர் என்று நினைத்து அந்தப் பெண்ணிடம், "இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?" என்றேன்.

"ஓடிக்கிட்டுத்தான் சார் இருக்கு" என்றாள்.

பொத்தானில் விரலை வைத்தபடியே மறுபடி அந்தப் புள்ளியைப் பார்த்தேன்.

கண்நீர் அழுத்த நோய், குளுக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுமாம். வலிக்காது. ஓரத்திலிருந்துதான் போகும்; போன இடம் கறுப்பாகவும் தெரியாது. இல்லாத இடத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளுமாம். காலி ரோடு மாதிரி.

"இவ்வளவு லேட்டா வந்திருக்கீங்களே" என்றார் டாக்டர் அம்மா. "போனது போனதுதான். இருக்கறதைக் காப்பாத்தப் பார்ப்போம். இடது கண் ரொம்ப மோசம். வீட்டுல யாருக்காவது இருந்துச்சா?"

அப்பா கடைசி வருஷங்களில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். அதைச் சொன்னேன். "கூடப் பிறந்தவங்க இருந்தா உடனே பார்க்கச் சொல்லுங்க" என்றார்.

பஸ்ஸில் ஜோதி ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. என்னை உட்காரச் சொன்னாள்.

ஜூலை 3, வியாழன்

நெய்க்காரப்பட்டியில் இருக்கும் தங்கை கௌசல்யாவுக்குப் போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னதும் அழுதாள். நீயும் போய்ப் பார் என்றதும் அழுகை நின்றுவிட்டது.

"எனக்கென்னங்கண்ணா? எனக்கு நல்லாத்தான் தெரியுதுங்க. தக்காளி பறிப்பு நடக்குது, இப்ப எங்கிட்டுப் போறது?"

கட்டிக்கொடுத்து இத்தனை வருஷத்தில் பேச்சு முழுக்க அந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. பிடிவாதம் மட்டும் எங்கள் வீட்டுப் பிடிவாதம்.

எனக்கும் நல்லாத்தானே தெரிந்தது.

ஜூலை 7, திங்கள்

அலுவலகத்தில் சொல்லவில்லை. வைரல் காய்ச்சல் என்று லீவு சொல்லியிருந்தேன். வண்டியை ஜோதியின் தம்பி எடுத்துப்போய்விட்டான். பெட்ரோல் விலை, அதனால் பஸ் என்று கேட்டவர்களிடம் சொன்னேன்.

"சொல்லிருங்க" என்கிறாள் ஜோதி. "அவுக என்ன தூக்கிலயா போடுவாக?"

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. கண்ணு தெரியாதவனை யார் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைப்பார்கள்? வேறு என்ன தெரியும் எனக்கு?

ஷைனி இன்னும் என்னோடு பேசவில்லை. வேலை விஷயம் மட்டும் மெயிலில் வருகிறது.

ஜூலை 12, சனி

செபாஸ்தியம்மாளைப் போய்ப் பார்த்தேன். ஜோதியும் வந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் பூவை அளந்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் மகள் அதைச் சரமாகக் கட்டினாள்.

விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் சொன்னதுதான் சரி, நின்றுகொண்டுதான் இருந்தீர்கள் என்று.

"அது எனக்குத் தெரியும் அப்பு" என்றார். "என் மக கூட நம்பலை. நான்தான் எங்கனயோ பராக்குப் பார்த்திருப்பேன்னு சொல்லிக்கிட்டு இருந்தா." பிறகு மகள் பக்கம் திரும்பி, "கேட்டியாடி?" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தோம்.

ஜூலை 15, செவ்வாய்

மன்னிப்புக் கேட்டேன், ஷைனியிடம். படிக்கட்டில் வைத்து. ஆஸ்பத்திரி, கிண்ணம், எல்லாம் சொன்னேன்.

"எங்க அப்பாவுக்கு சுகர்ல கண்ணு போச்சு சார். அதான் தோணுச்சு" என்றாள். "பிராங்கிளின் சார்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. ஆனா சொல்லிருங்க."

இரண்டு பெண்களும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்.

ஜூலை 28, திங்கள்

சொல்லிவிட்டேன். இப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை.

புதுப் படத்தைப் பற்றிக் கூட்டம். நான் எழுதிவைத்திருந்ததைச் சொன்னேன்: மூலையை நம்பவே கூடாது. சாதாரண நாளில் படம் சும்மா இருக்கட்டும். ஆபத்து என்றால் திரையின் நடுவில் செய்தி வர வேண்டும். எந்த அறை, எத்தனை டிகிரி என்று எழுத்தில் சொல்ல வேண்டும். சத்தம் வர வேண்டும். பார்த்துவிட்டேன் என்று கடைக்காரர் அமுக்கும் வரை போகக் கூடாது. அமுக்காவிட்டால் போனுக்குப் போக வேண்டும்.

பிராங்கிளினுக்குப் பிடிக்கவில்லை. "இம்புட்டு ஆர்ப்பாட்டம் எதுக்கு மணி? படத்தைக் கொஞ்சம் பெருசாக்கி, வெளிய தெரியுற மாதிரி செட் பண்ணி, நல்லா சிமிட்ட விட்டாப் போதாதா? கண்ணு இருக்கிறவனுக்கு அது தெரியாமயா போகும்?"

ஷைனி கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியலை சார்" என்றேன்.

"என்ன தெரியலை?"

"போன மாசம் டெஸ்ட் பண்ணப்ப அது என் முன்னால சிமிட்டிக்கிட்டே இருந்திருக்கு. எனக்குத் தெரியவே இல்லை. ஓரப் பார்வை போயிருச்சு சார். ரெண்டு கண்ணுலயும். திரும்ப வராதாம்."

பிராங்கிளின் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஏசுவே" என்றார். அவ்வளவு நேரம் தைரியமாக இருந்தவன், அந்தக் கை பட்டதும் உடைந்துவிட்டேன். எல்லார் முன்னாலும். சே.

ஆனால் என் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். "நீங்க சொன்ன மாதிரியே செய்வோம் மணி." இரக்கப்பட்டு ஒத்துக்கொண்டதை ஜெயித்ததாக எடுத்துக்கொள்ளலாமா?

ஆகஸ்ட் 6, புதன்

எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். என் நாற்காலிக்குப் பக்கத்தில் பை வைப்பதில்லை. நான் எழுந்தால் ரொனால்டு எழுந்துவிடுகிறான். என் மேஜையைச் சுவரோரமாக, யாரும் குறுக்கே வராத இடத்தில் மாற்றியிருக்கிறார்கள்.

இன்று பிராங்கிளின் கூப்பிட்டார். "கண்ணை ரொம்ப சிரமப்படுத்த வேணாம். இந்தப் படத்து வேலையை ஷைனி எடுத்துக்கட்டும். நீங்க கூட இருந்து சொல்லுங்க, போதும்."

திரை பார்ப்பதால் இந்த நோய் அதிகமாகாது என்று டாக்டர் அம்மா சொன்னதைச் சொன்னேன். "இருந்தாலும்" என்றார்.

மதியம் நிரலைத் திறந்தால் பார்க்க மட்டும்தான் முடிந்தது, மாற்ற முடியவில்லை. என் பெயரிலிருந்து அந்த அனுமதியை எடுத்துவிட்டார்கள். தப்பு நேர்ந்துவிடக் கூடாதாம். நான் எழுதியது. என் கண் எதிரே — அதாவது நேர் எதிரே, ஏனென்றால் வேறெங்கும் தெரியாது.

ஆகஸ்ட் 13, புதன்

ஷைனி ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள். பார்வையில்லாதவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, எங்கள் படத்தின் மேல் நிறுத்தியிருக்கிறாள். அது எங்கள் நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிட்டது. பச்சையா சிவப்பா என்று சொல்லத் தெரியவில்லை.

"மவுஸை வச்சாத் தெரியுற வரி இருக்குல்ல சார், அதுல நம்ம பேரு மட்டும்தான் இருக்கு. அதைத்தான் அது படிக்குது. நிறத்தை எப்படிப் படிக்கும்?"

அந்த வரியை எழுதும்போது வேறு என்ன போடுவது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஒரு வரியில் நிலைமையை எழுதிவிட்டால் போதும். கண்ணில்லாதவனும் கேட்டுத் தெரிந்துகொள்வான். சாயங்காலத்துக்குள் செய்துவிட்டாள். "மருந்து அறை ஒன்று. நாலு டிகிரி. சரியாக இருக்கிறது." தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னது.

"எனக்காகவா?" என்று கேட்டேன்.

"இல்ல சார், அது இல்லாம இருந்ததே தப்பு" என்றாள். நல்ல பிள்ளை. பொய் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

நாளை இடது கண்ணில் ஆபரேஷன். பார்வை திரும்புவதற்கு இல்லை, மிச்சத்தைக் காப்பாற்ற. கௌசல்யாவிடம் பேசினேன். மதுரைக்கு வருகிறாயா, அப்படியே நீயும் பார்த்துவிடலாம் என்றேன். தக்காளி முடிந்து இப்போது மல்லிகையாம்.

செப்டம்பர் 10, புதன்

நான் சொல்லச் சொல்ல ஜோதி எழுதுகிறாள். இடது கண்ணில் அழுத்தம் இறங்கியது. ஆனால் அதற்குள் மிச்சமும் போய்விட்டது. சில பேருக்கு அப்படி ஆகுமாம். யார் தப்பும் இல்லை. இப்போது அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

(இதை எழுத எனக்கு இஷ்டமில்லை. அவர் சொன்னார், எழுதினேன். — நாகஜோதி)

செப்டம்பர் 24, புதன்

புதுப் பதிப்பு இன்று வெளிவந்தது. நான் வீட்டில் இருந்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

அலுவலகத்துக்குப் போனேன். ஜோதி பஸ் ஏற்றிவிட்டாள். பேருந்து நிலையத்தில் ரொனால்டு நின்றான்.

இஷாக் பாய் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் எனக்காக துஆ ஓதி வேண்டினார். பிறகு, தயங்கித் தயங்கி, "மணி தம்பி, குறையாச் சொல்லலை. அந்தப் புதுசு இருக்குல்ல… ஆளுங்க முன்னால பில் போட்டுக்கிட்டு இருக்கும்போது நட்ட நடுவுல வந்து நிக்குது. கதவை செத்த நேரம் திறந்து வச்சாக்கூடக் கத்துது. பழைய மாதிரி அந்தப் படத்தையே குடுத்துருங்களேன். நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

அவர் மட்டும் இல்லை. பால் சென்டர், பூ மார்க்கெட், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்களாம். பிராங்கிளின் ஏற்கெனவே ஷைனியிடம் சொல்லிவிட்டார். அடுத்த பதிப்பில் நடுவில் வரும் செய்தியும் சத்தமும் அணைந்தே இருக்கும். வேண்டும் என்கிறவர்கள் போட்டுக்கொள்ளலாம். யார் போட்டுக்கொள்வார்கள்? மூலையில் பெரிய படம், சிமிட்டல். அவர் முதலில் கேட்டதுதான்.

"சண்டை போட்டேன் சார்" என்றாள் ஷைனி. "அந்தப் படிச்சுக் காட்டுற வரியை மட்டும் விட்டுவச்சாங்க. அது யாருக்கும் தொந்தரவு இல்லைனு."

பாய் மேல் கோபம் வரவில்லை. இன்சுலின் போனது அவருக்கு, எனக்கு இல்லை. தன் கண்ணை நம்புகிறார். நானும் நம்பிக்கொண்டுதானே இருந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வீட்டுக்குள்ளேயே இருந்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

கௌசல்யா வந்தாள். ஜோதி போய்ச் சண்டை போட்டுக் கூட்டிவந்திருக்கிறாள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல். நேற்றே மதுரையில் பார்த்தாயிற்று.

அவளுக்கும் இருக்கிறது.

ஆனால் ஆரம்பம். ஓரத்தில் லேசாகத் தொட்டிருக்கிறதாம். "தினம் சொட்டு மருந்து விட்டுட்டு வந்தாப் போதுமுங்களாம் அண்ணா. வயசான பொறகும் நல்லாவே தெரியுமாம். டாக்டரம்மா சொன்னாங்க" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, தான் தப்பித்ததற்கு வெட்கப்படுகிறவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடிக் கழுதை" என்றேன். வேறு என்ன சொல்ல? கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம். ஜோதி வெஞ்சனத்துக்கு வெங்காயம் நறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

நவம்பர் 18, செவ்வாய்

ஷைனிக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. இந்த மாதக் கடைசியோடு போகிறாள். பிராங்கிளினுக்குக் கஷ்டம்தான். அந்தப் படத்து வேலையை வெளியில் யாரிடமோ ஒப்படைக்கப் போகிறார். என்னிடம் தரலாமே என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அவரே கூப்பிட்டு உட்காரவைத்து, கஸ்டமர் போன்களை எடுக்கிற வேலையைப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். பாதிச் சம்பளம். இல்லை என்றால் வீட்டில் இருக்கலாம், இரண்டு மாதச் சம்பளம் தருவார். தப்பான மனிதர் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்.

சரி என்றேன்.

நவம்பர் 28, வெள்ளி

ஷைனி போகிறதற்கு முன்னால் அந்தப் படித்துக் காட்டும் மென்பொருளை என் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். இப்போதைக்கு வேண்டாமே, வலது கண் இருக்கிறதே என்றேன்.

"இருக்கும்போதே பழகிக்கங்க சார்" என்றாள்.

கோபம் வந்தது. ஜூனில் வந்த அதே கோபம். இந்த முறை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

வலது கண்ணிலும் அழுத்தம் ஏறியிருக்கிறது. மருந்தை மாற்றியிருக்கிறார்கள். டாக்டர் அம்மா எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

திரையை அணைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஒரு வாரமாகப் பழகுகிறேன். ஒவ்வொரு எழுத்தை அடித்ததும் அந்தக் குரல் சொல்கிறது. ழகரம் அதற்கு வரவில்லை. எல்லாவற்றையும் ல என்கிறது. முதல் இரண்டு நாள் கீபோர்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. காலையில் அலுவலகத்தில் போன் எடுக்கிறேன், சாயங்காலம் இது. ஒரு பத்தி எழுத, முன்பு ஒரு பக்கம் எழுதிய நேரம் ஆகிறது.

இதுவரை எழுதிவிட்டு ஜோதியைக் கூப்பிட்டேன். திரையைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, மேலிருந்து கீழே படித்தாள்.

"ஒரு தப்புதான்" என்றாள்.

"எங்க?"

"மூணாவது வரியில. ஒரு துணைக்கால் விட்டுப்போச்சு."

மவுஸை எடுப்பாள், அவளே திருத்துவாள் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. திரையை மறுபடி அணைத்துவிட்டு, சோறு எடுத்துவைக்கப் போனாள்.

கேட்டுக் கேட்டு மேலே போனேன். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தேன். காலைப் போட்டேன்.